பூட்டுப்பெட்டியின் முதல் வரி

மாளவிகா எழுதிய ஒவ்வொரு கணினி நிரலின் தலையிலும் ஒரு நன்றி இருக்கும். கணினி அந்த வரியைப் பொருட்படுத்தாது. அதற்குரிய குறியை வரியின் முன்னால் அவள் இட்டுவிடுவாள். மனிதர்கள் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட வரி அது. சரக்கிருப்பு நிரலின் தலையில், ‘மின்சாரம் போன அன்று சாப்பிடாமல் நின்று ஜெனரேட்டரை ஓட்டிய ஃபிர்தௌஸுக்கு நன்றி’ என்றிருக்கும். வருகைப் பதிவு நிரலில், ‘ரேகை பதியும்வரை பன்னிரண்டு முறை சலிக்காமல் விரல் வைத்த ரூபீனாவுக்கு நன்றி’ என்றிருக்கும். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் எழுதியவை முப்பத்தொரு நிரல்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் அந்த வரி சில வாரங்கள் காலியாகக் கிடந்தது.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு அருகில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் மாளவிகா. வணிகவியல் பட்டம் பெற்ற கையோடு தியாகராய நகரில் நான்கு மாடிப் பட்டுக்கடை ஒன்றில் பில் போடும் வேலையில் சேர்ந்தாள். “ரெண்டு வருஷம் போயிண்டிரு, அப்புறம் பாங்க் பரீட்சை எழுதலாம்” என்றார் அவள் தந்தை வேதாந்தம். அந்த இரண்டு வருஷம் இப்போது இருபத்து நான்காகிவிட்டது.

அவள் வேலையில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு, கடைக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்த நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது, பில் அச்சாகவில்லை. பெரிய முதலாளி அவளை அழைத்தார். “கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கது நீங்கதானம்மா. நீங்களே என்னன்னு பாருங்க” என்று சொல்லி, தாமே புத்தகக் கடைக்குப் போய்த் தலையணை போன்ற பாடநூல் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். அந்த நூலில் பாதி அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு அவள் அந்தத் தீபாவளியை ஓட்டிவிட்டாள். அவளுடைய முதல் நிரலின் தலையில் பெரிய முதலாளியின் பெயர் இருக்கிறது. அவர் காலமாகி, மகன் ஜவஹர் பொறுப்புக்கு வந்த பின்னரும் அந்த வரியை அவள் அழிக்கவில்லை.

கடையில் நூற்றறுபது பேர் வேலை செய்கிறார்கள். சேமநல நிதிக்கு ஒரு கடவுச்சொல், எரிவாயு பதிவுக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் நான்கைந்து உண்டு. திங்கட்கிழமைதோறும் மாளவிகாவின் மேசை முன் வரிசை நிற்கும். “மேடம், பி.எஃப். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.” “மேடம், மூணு தடவை தப்பா போட்டேன், லாக் ஆயிடுச்சு.” சிலர் டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்காகப் படங்களைத் துடைத்தபோது, கல்லாவுக்கு மேலிருந்த லட்சுமி படத்தின் பின்பக்கத்தில் பதினொரு கடவுச்சொற்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

“சாமி பாத்துக்கும்னு எழுதிட்டாங்க போல” என்றார் ஜவஹர். “சாமிக்கு வேற வேலை இருக்கும். நீங்க ஏதாவது செய்யுங்கம்மா.”

அப்படிப் பிறந்ததுதான் பூட்டுப்பெட்டி. சாப்பாட்டு அறைக் கணினியில் கட்டைவிரலை வைத்தால், அவரவர் பத்திரப்படுத்திய கடவுச்சொல் அவரவர்க்கு மட்டும் திரையில் தெரியும். உள்ளே சேமித்திருக்கும் கோப்பை வேறு எவரேனும் திறந்தால் எண்களைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. அதற்காக அவள் ஸ்ட்ரீம் சைஃபர் என்னும் எளிய முறையைத் தேர்ந்துகொண்டாள். ஒரு சாவிச் சொல்லைக் கொடுத்தால், அதிலிருந்து குழாய்த் தண்ணீர் போல எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். கடவுச்சொல்லின் முதல் எழுத்துக்குரிய எண்ணுடன் முதல் எண்ணைக் கூட்ட வேண்டும். இரண்டாம் எழுத்துடன் இரண்டாம் எண்ணை. கூட்டி வந்ததைச் சேமிக்க வேண்டும். திரும்பப் படிக்கும்போது அதே எண்களைக் கழித்தால் சொல் வந்துவிடும். சாவி தெரியாதவனுக்கு ஒன்றும் புரியாது.

ஒரு மாதம், விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு மணிவரை சாப்பாட்டு மேசையில் அமர்ந்து அதை எழுதினாள். “ஆத்துல உப்பு டப்பாவுக்கும் பூட்டுப் போட்டுடப் போறே” என்று கணவர் சாய்நாத் கேலி செய்துகொண்டே காப்பி கலந்து வைத்தார். முடித்த அன்று, தலையில் எழுத ஒரு பெயரை யோசித்தாள். ஒருவர் பெயரும் தோன்றவில்லை. இதை முழுக்க முழுக்கத் தானே செய்ததாக நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வரியைக் காலியாக விட்டாள். காப்பி கலந்தவர்கூட நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வாரத்தில் கடையில் பலரும் தங்கள் கடவுச்சொல்லைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டார்கள். ஜவஹருக்கு மிகுந்த மகிழ்ச்சி. “வர்ற வெள்ளிக்கிழமை நம்ம சொந்தக்காரங்க ஆறு கடைக்காரங்களும் வாராங்க. அவங்க ஆளுகளுக்கும் இதே பெட்டியைக் கொடுத்துருவோம். உங்க பேரச் சொல்லித்தான் கொடுப்பேன்” என்றார். ஆறு கடைகள், ஏறத்தாழ ஆயிரம் பேர். இருபத்து நான்கு ஆண்டுகளில் அவள் பெயர் அந்தக் கடையின் வாசலைத் தாண்டியதில்லை.

அந்த உற்சாகத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். திங்கட்கிழமை, பூட்டுப்பெட்டியின் கோப்பிலிருந்து நாற்பது வரிகளை அப்படியே அச்சிட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்திலும் பணியாளர் எண்; அதன்பின் வெறும் இரட்டை இலக்க எண்கள். முதல் வரி அவளுடையது. கீழே பெரிய எழுத்தில், ‘இவற்றில் ஒரு வரியையேனும் படித்துக் காட்டுபவருக்குப் பட்டுப்புடவை, ஆணாயின் பட்டுவேட்டி’ என்று எழுதினாள்.

“மேடம், இது லாட்டரி ரிசல்ட்டா?” என்றான் வேட்டிப் பிரிவு செந்தில்குமார். எல்லாரும் சிரித்தார்கள். பலர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்கள். ஒருவராலும் படிக்க முடியவில்லை. மாளவிகா அன்று மாலை பனகல் பூங்காவரை நடந்தே போய்ப் பேருந்து ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம். அவள் வழக்கம்போலத் தங்கத்தின் பக்கத்தில் அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

தங்கம் அந்தக் கடையில் விலைச்சீட்டு எழுதுபவள். கோடம்பாக்கத்துக்காரி, அவள் தந்தை படப்பிடிப்புத் தளங்களில் விளக்குப் பிடித்தவர். மாளவிகாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருபது ஆண்டுகளாக இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறார்கள். நெத்திலிக் குழம்பு இருக்கும் நாளில் தங்கம் ஒரு சாண் தள்ளி அமர்வாள். ஆனாலும் மாளவிகாவின் தயிர்சாதத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“மாளு, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?” தங்கம் குரலைத் தாழ்த்தினாள்.

“கேளேன்.”

“மனோகர் யாரு?”

மாளவிகாவின் கை பாதியில் நின்றது. “எந்த மனோகர்?”

“அத்தத்தாம்மே நானும் கேக்கறேன். உங்க ஊட்டுக்காரர் பேரு சாய்நாத். உன் பாஸ்வேர்டுக்குள்ள மனோகர் இன்னாத்துக்குக் குந்திகினு கீறாரு?”

“ஐயோ, மனோகரம்டி அது! பட்சணம்! வெல்லப்பாகு போட்டுப் பண்ணுவாளே…” என்று சொல்லிக்கொண்டே போனவள், தான் என்ன சொல்கிறோம் என்பது உறைத்து நிறுத்தினாள். “உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நீதான செவுத்துல ஒட்டி வெச்சே.”

தங்கம் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடக்கையால் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். சுவரிலிருந்த இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் எழுதியிருந்தாள்.

“மேல இருக்கறது என் வரி. என் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்ல? டி, எச், ஏ, என், ஜி, ஏ, எம். அப்பால ரெண்டு ஏழு. மொத எழுத்து டி, அதுக்கு நீ போட்டது அறுபத்தி மூணு. உன்னுதுல மொத நம்பரு அம்பத்தாறு. ஏழு கம்மி. டிலேர்ந்து ஏழு எழுத்து பின்னால வந்தா எம். நாலாவது எனக்கு எம்பத்தெட்டு, உனக்கு எம்பத்தொம்போது. என்னுது என், அப்ப உன்னுது அதுக்கு அடுத்தது, ஓ. ஆறாவது ரெண்டு பேருக்கும் முப்பத்தொண்ணு. ரெண்டும் ஏ. ஏழுக்கு அப்பால என்னுது எழுத்து இல்ல, நம்பரு. அதான் மனோகரோட நின்னுட்டேன்.”

மாளவிகா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியிலிருந்து எண்கள் எப்படிக் கொட்டுகின்றன என்பதில்தான் அவள் ஒரு மாதக் கவனமும் இருந்தது. ஆனால், ஒவ்வொரு வரிக்கும் அந்தக் குழாய் முதலிலிருந்தே திறந்துகொண்டது. எல்லாருடைய முதல் எழுத்துடனும் ஒரே எண்தான் கூட்டப்பட்டிருந்தது. எல்லாருடைய இரண்டாம் எழுத்துடனும் ஒரே எண்தான். தன் கடவுச்சொல் தெரிந்த எவரும் அடுத்தவருடையதைப் படித்துவிடலாம். சாவியே வேண்டியதில்லை. ஒற்றை வரியை அவள் நூறு முறை சோதித்திருந்தாள். இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

“இதெல்லாம் உனக்கு எப்படிடி…”

தங்கம் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, தன் இடுப்பில் செருகியிருந்த விலைச்சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்தக் கடையின் ஒவ்வொரு புடவையிலும் தொங்கும் சீட்டில், விற்பனை விலைக்குக் கீழே சில எழுத்துகள் இருக்கும். அவை அடக்க விலை. பத்து எழுத்துள்ள ஒரு சொல். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். பேரம் பேசும்போது எதுவரை இறங்கலாம் என்பது முதலாளிக்குத் தெரிய வேண்டும், வாங்குபவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெரிய முதலாளி செய்து வைத்த ஏற்பாடு. சொல் குடும்பத்துக்குள் மட்டும் இருந்தது. தங்கத்திடம் எழுத்துகளாகவே பட்டியல் வரும்; அவள் பார்த்து எழுதுவாள்.

“ஒரு தீபாவளிக்கு அடக்க வெலைக்கே எனக்கு ஒரு பொடவ குடுத்தாங்க. பில்லுல நம்பரு, சீட்டுல எழுத்து. நாலு எழுத்து வெளங்கிச்சு. மிச்சத்தைக் கண்டுபுடிக்க மூணு மாசம். எல்லா சீட்டுக்கும் ஒரே சொல்லுதான? பதினெட்டு வருசமா எனக்குத் தெரியும் மாளு. யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. தெரிஞ்சா அந்த நாக்காலில என்னைக் குந்த வெப்பாங்களா? உன் காயிதத்தப் பாத்ததும் தோணிச்சு, அட, இதுவும் நம்ம சீட்டாட்டம்தான கீதுன்னு.”

“நேத்தே சொல்லியிருந்தா புடவை கெடச்சிருக்குமே.”

“எல்லார் எதிர்க்கவும் கைய தூக்கச் சொல்றியா? உன் மானம் போயிருக்கும். ‘உனக்கு எப்டித் தெரிஞ்சுது’ன்னு என்னைக் கேட்டிருப்பாங்க.” தங்கம் டப்பாவை மூடினாள். “ஆனா மாளு, ஒட்னத கிழிச்சா மட்டும் போதாது. எல்லார் போன்லயும் போட்டோ கீது.”

அன்று மாலை லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காகப் பேருந்தைச் சுற்றிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் அவளுக்கு யோசிக்கக் கிடைத்தது. பிழையைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். கோப்பு புதிதாகிவிடும், வெள்ளிக்கிழமை ஆறு கடைக்காரர்கள் முன்னால் அவள் பெயர் சொல்லப்படும். எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால், அந்த நாற்பது வரிகளில் முப்பத்தொன்பது அவளை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. ரூபீனாவின் வரியும் அதில் இருந்தது. பன்னிரண்டு முறை விரல் வைத்தவள்.

புதன்கிழமை, கதவு தூக்குவதற்கு அரை மணி முன்பே அவள் ஜவஹரின் அறைக்குச் சென்றாள்.

“சார், வெள்ளிக்கிழமை வேண்டாம். நான் பண்ணின பூட்டு பூட்டே இல்லை.”

“என்ன சொல்லுதீங்க?”

சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். “கண்டுபிடிச்சது யாரு?” என்றார்.

“அதை மட்டும் சொல்ல முடியாது சார்.”

ஜவஹரின் முகம் இறுகியது. “நம்ம ஆளுக சமாச்சாரத்த ஒருத்தர் படிச்சிருக்காரு. யாருன்னு தெரியாம நான் கம்ப்யூட்டர் ரூமைத் திறக்க முடியாதும்மா. உங்களையும் உள்ள விட முடியாது. தப்பா நினைக்காதீங்க.”

நாள்தோறும் கடை திறக்குமுன் கீழ்த்தளத்தில் கற்பூரம் காட்டுவார்கள். அனைவரும் வந்து நிற்பார்கள். அன்று தட்டு சுற்றி முடிந்ததும் மாளவிகா முன்னால் வந்தாள். சுவரில் ஒட்டிய வரிகளைப் படிக்க முடியும் என்றும், அது தன் பிழை என்றும், எல்லாரும் இன்றே கடவுச்சொற்களை மாற்ற வேண்டும் என்றும், மதியம் முழுவதும் சாப்பாட்டு அறையில் தானே அமர்ந்து மாற்றித் தருவதாகவும் சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது. படமெடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்போ புடவை யாருக்கு மேடம்?” என்றான் செந்தில்குமார்.

“அதைத்தான் நானும் கேக்கேன்” என்றார் ஜவஹர். “மாளவிகாம்மா சொல்ல மாட்டேங்காங்க. சொல்லுதவரைக்கும் கம்ப்யூட்டர் ரூம் பூட்டித்தான் இருக்கும்.”

தூணருகே வளையல் சத்தம் கேட்டது.

“நான்தாண்ணாச்சி” என்றாள் தங்கம்.

ஜவஹரின் அறைக்குள் மூவர் மட்டும் இருந்தார்கள். தங்கம் தீபாவளிப் புடவையிலிருந்து தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஜவஹர் வெறும் விலைச்சீட்டு ஒன்றையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். “எழுதுங்க.” அவள் பத்து எழுத்துகளையும் எழுதினாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

“அப்பா இதை எனக்குக் காதுலதான் சொன்னாங்க. எழுதி நான் பாத்ததே இல்ல.” நிமிர்ந்தார். “பதினெட்டு வருசம். ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல?”

“என் நாத்தனா கல்யாணப் பட்டு எடுக்க இங்கதான் வந்தா. ‘எவ்ளோ கொறைப்பாங்க, சொல்லு’ன்னு உசுர வாங்கினா. தெரியாதுன்னுட்டேன். இன்னி வரைக்கும் என்னாண்ட பேசறதில்லண்ணாச்சி.”

ஜவஹர் சிரித்துவிட்டார். சீட்டை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சொல்லை மாத்திருவோம். சீட்டு எழுதுத ஆளை மாத்த வேண்டாம்.” பிறகு மாளவிகாவிடம் சாவிக்கொத்தை நீட்டினார். “வெள்ளிக்கிழமை இல்லாட்டி அடுத்த மாசம். அவங்க எங்க போயிறப் போறாங்க?”

மாளவிகா சாவியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அவள் தன் ஒரு மாத உழைப்பை அழித்தாள். ஊர் பெயர் தெரியாத பலர் ஆண்டுக்கணக்காக உடைக்க முயன்று, உடைக்க முடியாமல் நல்லதென்று ஒப்புக்கொண்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் தொடக்கம் வேறாக இருக்கும்படி அமைத்தாள். ஒருமுறை கொட்டிய எண்கள் மறுமுறை கொட்டா. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் நான்கு பொய் வரிகளை அச்சிட்டுத் தங்கத்திடம் கொடுப்பாள். “இத்தப் படிக்க முடியல” என்று மூன்று நாள் தொடர்ந்து தங்கம் கைவிரித்த பிறகே அதைக் கணினியில் ஏற்றினாள். மறுமாதம் ஆறு கடைகளுக்கும் பூட்டுப்பெட்டி போனது. அதன் தலையில் இப்போது மூன்று நன்றிகள் இருக்கின்றன: பெயர் தெரியாதவர்களுக்கு ஒன்று, விடியற்காலைக் காப்பிக்கு ஒன்று. மூன்றாவதைப் படித்த பிற கடைக் கணினிக்காரர்கள் அவளை அழைத்துப் பொருள் கேட்டார்கள், அவள் சொல்லவில்லை. ‘மனோகர் யார் என்று கேட்ட தங்கத்துக்கு நன்றி’ என்பது அந்த வரி.

அறிவித்த பரிசைக் கொடுக்காமல் விடுவது முறையாகாது. அரக்கு நிறத்தில் மாம்பழக் கரையிட்ட பட்டு ஒன்றை மாளவிகா தானே தேர்ந்து வாங்கினாள். மதியச் சாப்பாட்டின்போது பொட்டலத்தைத் தங்கத்தின் மடியில் வைத்தாள்.

தங்கம் கையைத் துடைத்துக்கொண்டு புடவையைத் தடவினாள். கரையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு, இருபது வருடப் பழக்கத்தில் அவள் விரல் தானாகவே சீட்டைத் திருப்பியது. அங்கே எழுத்துகள் இல்லை. பூட்டுப்பெட்டி தந்த இரட்டை இலக்க எண்கள் ஒரு வரியாக இருந்தன.

“இன்னா மாளு இது?”

“விலைதான். படிச்சுச் சொல்லு.”

தங்கம் கணக்குப் போட்டாள். விரல்விட்டு எண்ணினாள். தயிர்சாதம் விரல்களில் காய்ந்தது. பக்கத்துப் பெஞ்சிலிருந்த ரூபீனாவும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மணி அடித்தது, எல்லாரும் எழுந்தார்கள்.

“இருவது வருசத்துல ஒரு பொடவயோட வெல எனக்குத் தெரியாமப் போனது இதான் மொத தடவ” என்று தங்கம் சிரித்தாள். சீட்டை மட்டும் பிரித்தெடுத்து, அடையாள அட்டையின் உறைக்குள் செருகிக்கொண்டாள். கடையில் கூட்டம் குறைந்த நேரங்களில் இன்றும் அதை எடுத்து வைத்துக்கொண்டு முயன்று பார்க்கிறாள்.